ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள்: நான் பக்கத்தில் இருந்து பார்த்தது

சினிமாவும் அரசியலும் என்று பேச்செடுத்தாலே, "நம்ம சனங்க நடிகனைப் பார்த்தா ஓட்டைப் போட்டுடுவாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்ததால் தேர்தல் பணிக்குப் பல முறை போயிருக்கிறேன். மன்றத்துப் பிள்ளைகளோடு நாள் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை இங்கே எழுதத் தோன்றியது.

2006 சட்டமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் விஜயகாந்த் மதுரையில் தேமுதிகவைத் தொடங்கியிருந்தார். கூட்டணி எதுவும் இல்லாமல் தனியாக நின்றார்கள். எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பொறுப்பு. காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டிவிட்டு, யாரும் திறந்து மாற்றிவிடாதபடி வாக்கு இயந்திரத்தில் பச்சைத் தாள் முத்திரை வைக்கும்போது கட்சி முகவர்களும் அதில் கையெழுத்துப் போடலாம். பழைய கட்சிகளின் முகவர்கள் பேசிக்கொண்டே போட்டார்கள். புதுக் கட்சி முகவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முத்திரையின் வரிசை எண்ணைத் தன் நோட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அப்புறம் வாக்காளர் பட்டியலில் ஸ்கேலை வைத்து உட்கார்ந்தவர், ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை.

நடுவில் ஒரு பெரியவர் வந்தார். பட்டியலில் அவருடைய தந்தை பெயர் தப்பாக அச்சாகியிருந்தது. ஒரு முகவர் ஆட்சேபம் சொன்னார். இந்தப் பையன்தான் எழுந்து, "அவரேதான் சார், எங்க தெரு தாத்தா. ரேஷன் கார்டுல சரியா இருக்கு பாருங்க" என்றார். அந்தத் தாத்தா பல வருடங்களாக வேறு கட்சி என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையனுக்கும் தெரியும். சாயங்காலம் பதிவான ஓட்டுகளின் கணக்குப் படிவ நகலைக் கொடுக்கும்போது, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். "மன்றத்துல சார். ரத்ததான முகாமுக்கு வீடு வீடாப் போய் பேர் எழுதிப் பழக்கம்" என்றார்.

அந்தத் தேர்தலில் அவர்கள் கட்சியில் விருத்தாசலத்தில் நின்ற விஜயகாந்த் மட்டும் ஜெயித்தார். 2011இல் அதிமுக கூட்டணியில் 29 இடங்கள் பிடித்து எதிர்க்கட்சித் தலைவரானார். படத்தில் போட்ட சண்டைக்குக் கிடைத்த ஓட்டு என்று யாராவது சொன்னால், எனக்கு அந்த ஸ்கேலும் நோட்டும்தான் ஞாபகம் வருகின்றன.

இதே விஷயத்தை இன்னும் பழைய ஆள் ஒருவரிடமும் கேட்டிருக்கிறேன். எங்கள் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்தவர், இளவயதில் எம்.ஜி.ஆர். மன்றச் செயலாளர். 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கழுத்துக் கட்டோடு எடுத்த படத்தைத்தான் தேர்தலுக்குப் போஸ்டராக அடித்தார்கள். பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் போஸ்டரை ஒட்டியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இவர் சொல்வார்: மைதாப் பசையை வீட்டில்தான் காய்ச்சுவார்களாம், மாவும் விறகும் அவரவர் கைக்காசு. எந்தச் சுவரில் ஒட்டினால் வீட்டுக்காரர் கிழிப்பார், எந்தச் சுவரில் விட்டுவைப்பார் என்று தெரு வாரியாக மனப்பாடம். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புதுக் கட்சி தொடங்கியதும், மன்றத்துப் பலகையை இறக்கிப் பெயரை மட்டும் மாற்றி எழுதி மாட்டினார்களாம். ஆள் அதே ஆள், சந்தா நோட்டும் அதே நோட்டு. அடுத்த மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார், ஆளுங்கட்சியான திமுக மூன்றாவது இடத்துக்குப் போனது. ஏழே மாதத்தில் ஒரு கட்சிக்குக் கிளைகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அவர் பேச்சிலேயே பதில் இருக்கிறது.

மக்கள் திரையில் பார்த்து மயங்குகிறவர்கள் என்றால் சிவாஜி ஏன் தோற்றார்? 1989இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்று சொந்தக் கட்சியோடு திருவையாற்றில் நின்றார். தஞ்சை மாவட்டத்தில் அவர் படத்துக்கு அழாத வீடு இருக்காது, அங்கேயே தோற்றார். என் பெரியம்மா சிவாஜி என்றால் உயிரையே விடுவார், ஓட்டு மட்டும் கடைசிவரை இரட்டை இலைக்குத்தான். ஏன் என்று கேட்டால், "அழுவுறதுக்கு அவரு, ஆளுறதுக்கு இவரு" என்பார். பள்ளிக்கூடம் போகாத மனுஷி. கமல் 2021இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றபோதும் இதையே நினைத்தேன். ரசிப்பது வேறு, ஓட்டுப் போடுவது வேறு என்ற தெளிவு நம் ஜனங்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது.



எனக்கு உண்மையான கவலை இப்போதுதான். என் பழைய மாணவன் ஒருவன் விஜய் ரசிகன். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த விஜய் கட்சி மாநாட்டுக்கு நண்பர்களோடு பைக்கில் போய் வந்தான். வந்த மறுநாள் எனக்குப் போன்: "சார், மேடையில கட்அவுட் வெச்சிருந்தாங்களே, அஞ்சலை அம்மாள், அவங்க யாரு?" கடலூர்க்காரர், 1927இல் சென்னையில் நீல் என்ற ஆங்கிலேயத் தளபதியின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் மகளோடு சிறைக்குப் போனவர், 1937இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விடவில்லை, புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காத பையன் அவன். ஒரு நடிகர் மேல் இருந்த பிரியம் அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வருடம் செப்டம்பர் 27ஆம் தேதி, கரூரில் விஜய் கூட்டம். 41 பேர் நெரிசலில் செத்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். அன்று இரவு அவனுக்குப் போன் பண்ணினேன். அவன் அங்கே போகவில்லை, வீட்டில்தான் இருந்தான். பேச்சு வரவில்லை அவனுக்கு. பிறகு ஒரு நாள் நேரில் வந்தபோது, "மன்றத்துல உங்களுக்கு என்ன வேலை கொடுக்குறாங்க?" என்று கேட்டேன். பேனர், பட்டாசு, முதல் நாள் முதல் காட்சி, இப்போது கூட்டத்துக்கு ஆள் திரட்டுவது என்றான். வாக்காளர் பட்டியலைப் பார்த்திருக்கிறாயா என்றால், இல்லை. வார்டில் என்ன பிரச்சனை என்று எழுதிவைத்திருக்கிறாயா என்றால், அதுவும் இல்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, அவன் இருக்கும் இடத்தில் இப்படி.

ரசிகனைக் கேலி பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். இருபது வயதுப் பையன் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வருகிறான், கேட்கிற மனநிலையில் வருகிறான். ஒரு காலத்தில் திராவிட இயக்கத்துக்காரர்கள் அப்படி வந்தவனைப் படிப்பகத்தில் உட்காரவைத்துப் பத்திரிகை வாசிக்கச் சொன்னார்கள். 2006இல் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்கும் யாரோ வேலை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையசைப்பதைப் பார்க்க மட்டும் அவனை மணிக்கணக்கில் வெயிலில் நிற்கவைக்கும் தலைமை எந்தக் கட்சியில் இருந்தாலும், கேள்வி அந்தத் தலைமையை நோக்கித்தான் போக வேண்டும்.

அஞ்சலை அம்மாள் பற்றித் தமிழில் நல்ல புத்தகம் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள், அவனுக்கு வாங்கித் தர வேண்டும். அப்புறம், 72இல் மன்றப் பலகையை மாற்றி எழுதியவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு இங்கே எழுதுங்கள். எங்கள் பள்ளியில் இருந்தவர் போன வருடம் காலமாகிவிட்டார், அவருடைய நோட்டு என்ன ஆனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.