மகளிர் வாலிபால் கோப்பை: நாக் அவுட்டா, லீக்கா?

வளவுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர் காரைக்குடி அருகே பள்ளத்தூருக்குப் பக்கம். பொங்கல் கழிந்து வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மின்னொளி வாலிபால் நடத்துவோம். ரொம்ப வருடமாக ஆண்களுக்கு மட்டும்தான். சென்ற ஆண்டு முதல்முறையாக மகளிருக்கும் ஒரு கோப்பை வைத்தோம். இந்த முறை 12 மகளிர் அணிகள் வருவதாகச் சொல்லியிருக்கின்றன. கமிட்டியில் பெரியவர்கள் "நாக் அவுட்தான், வேறு பேச்சே இல்லை" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி அணி ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தது. இரவு பதினொன்றரைக்கு ஆட்டம். நாற்பது நிமிடத்தில் இரண்டு செட்டும் போய்விட்டது. அவ்வளவுதான் அவர்களுடைய போட்டி. பந்தலுக்குப் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு விடிகாலை முதல் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். கூட வந்த மேடம் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. நடத்தியவர்களில் நானும் ஒருவன், அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு ஆடுகிற லீக் முறை வைக்க முடியுமா?

தேக்குத்தூண்

தம்பி, கோப்பை என்று பேர் வைத்துவிட்டு லீக் ஆடுவது சோறு என்று சொல்லிவிட்டு உப்புமா போடுகிற மாதிரி. தோற்றால் வெளியே. அந்தப் பயம் இருந்தால்தான் கூட்டம் எழுந்து நிற்கும். சிராவயல் மஞ்சுவிரட்டில் ஒரு மாட்டை விட்டுப் பிடித்த பிறகு, பாவம் இன்னொரு தடவை ஓடட்டும் என்று திருப்பி அவிழ்ப்பார்களா?

கணக்கும் எளிது. 12 அணி என்றால் 11 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு அணி வெளியே போகும், கடைசியில் ஒன்று மிஞ்சும். 12 அணிக்கும் முழு லீக் வைத்தால் 66 ஆட்டம். சித்திரை வரைக்கும் ஆடலாம். இத்தாலியில் நடக்கிற மகளிர் தேசியக் கோப்பையை என் பேரன் போனில் காட்டினான். அதுவும் நாக் அவுட்தான். அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது?

பல்லவன் பயணி

ஐயா, உங்கள் பேரன் காட்டியது பாதிப் படம். மீதியை நான் சொல்கிறேன், பல வருடமாகப் பார்க்கிறேன்.

இத்தாலிக் கோப்பைக்கு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட முடியாது. அங்கே முதல் டிவிஷன் லீக்கில் 2024-25 சீசனில் 14 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 13 அணிகளோடு இரண்டு தடவை, ஆக 26 ஆட்டம். முதல் பாதி, அதாவது 13 ஆட்டம் முடிந்ததும் பட்டியலில் மேலே இருக்கிற எட்டு அணிகளுக்குத்தான் கோப்பையில் இடம். கால் இறுதி ஒரே ஆட்டம், பட்டியலில் மேலே உள்ள அணியின் சொந்தத் தளத்தில். ஜெயித்த நான்கும் ஒரு ஊரில் கூடி, சனி ஞாயிறில் அரை இறுதி, இறுதி என்று முடித்துவிடுவார்கள். கால் இறுதியில் தோற்ற அணி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவதில்லை. அடுத்த வாரம் அதற்கு லீக் ஆட்டம் இருக்கிறது.

அங்கே கீழே லீக் என்ற தரை இருக்கிறது, அதன்மேல் நாக் அவுட் நிற்கிறது. நம் பெண்களுக்கு அந்தத் தரையே கிடையாது. ஆண்களுக்கு 2022-ல் பிரைம் வாலிபால் லீக் வந்தது, சென்னைக்கும் ஒரு அணி உண்டு. பெண்களுக்கு அந்த மாதிரி ஒன்று இல்லை. இந்த மாதிரி ஊர்க் கோப்பைகள்தான் அவர்களுக்கு சீசனே. அதிலும் ஒரே ஆட்டத்தில் வெளியே அனுப்பினால் அந்தப் பெண் எங்கே போய் ஆடுவாள்?

புதுவயல் அரிசி

பல்லவன் அண்ணன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இத்தாலி பேசுகிறார். இங்கே ஃப்ளட் லைட்டுக்கு ஜெனரேட்டர் வாடகை யார் கொடுப்பது?

இன்னொன்று. நாக் அவுட்டில்தான் சின்ன அணிக்கு வாய்ப்பு. லீக் என்றால் ஹாஸ்டலில் தங்கி வருடம் முழுக்கப் பயிற்சி எடுக்கிற அணிதான் எப்படியும் மேலே வரும். ஒரு ராத்திரி நம் ஊர்ப் பிள்ளைகள் வெறியோடு ஆடினால் யாரையும் கவிழ்க்கலாம். அதற்குத்தானே கூட்டம் வருகிறது.

பல்லவன் பயணி

கவிழ்ப்பது ஃபுட்பாலில் நடக்கும். ஒரு கோல் போட்டுவிட்டு மிச்ச நேரம் முழுக்க வாசலை அடைத்துக்கொண்டு நிற்கலாம். வாலிபாலில் அடைத்துக்கொண்டு நிற்க இடமில்லை. 25 புள்ளியையும் எடுத்தாக வேண்டும்.

இத்தாலியில் கொனெலியானோ என்று ஒரு அணி. 2020-லிருந்து 2025 வரை ஆறு தடவை தொடர்ந்து அந்த நாக் அவுட் கோப்பையை அவர்களே எடுத்தார்கள். நடுவில் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 76 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து கின்னஸில் ஏறினார்கள். நாக் அவுட்டால் யார் கவிழ்ந்தது?

ஒரு சங்கதி, இதற்குச் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கொனெலியானோ பெரிய நகரம் இல்லை. மக்கள்தொகை 35 ஆயிரம் சுற்றி. காரைக்குடியில் 2011 கணக்கெடுப்புப்படியே ஒரு லட்சத்துக்கு மேல். திராட்சைத் தோட்டத்துக்குப் பேர்போன மலையடிவார ஊர். 2012-ல் உள்ளூர் வியாபாரிகள் கூடிக் கிளப்பைத் தொடங்கினார்கள். வியாபாரிகள் கூடிக் கோயிலும் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டிய சீமை நம் செட்டிநாடு. ஒரு மகளிர் வாலிபால் அணி ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று பல்லவன் ரயிலில் ஊருக்கு வரும்போதெல்லாம் யோசிப்பேன்.

பழைய லிஃப்டர்

நான் பல்கலைக்கழக அணிக்கு லிஃப்டராக ஆடியவள், இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். வலைக்கு மேலே அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர்; இப்போதைய பிள்ளைகள் செட்டர் என்பார்கள், எங்கள் காலத்தில் லிஃப்டர்.

லிஃப்டரின் கண்ணிலிருந்து ஒன்று சொல்கிறேன். புது ஊர், புது மண், புது லைட். பந்தை மேலே தூக்கும்போது லைட் கண்ணில் அடிக்கும். எந்தப் பக்கம் காற்று என்று தெரிய முதல் செட்டில் பாதி போய்விடும். மூன்று செட் ஆட்டத்தில் அது தெரிவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். இரண்டாவது ஆட்டம் என்று ஒன்று இருந்தால்தான் நான் யார் என்று காட்ட முடியும். எத்தனையோ ஊரில் ஒரே ஆட்டத்தோடு திரும்பியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் என்னை மட்டமான லிஃப்டர் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்!

அப்புறம் புதுவயல் தம்பி, "நம் ஊர்ப் பிள்ளைகள்" என்கிறீர்களே, சென்ற ஆண்டு சீட்டுக் குலுக்கியதில் உங்கள் ஊர் அணிக்கு முதல் சுற்றில் 'பை' (bye) வந்தது. 12 அணி என்றால் நான்கு அணிக்கு ஆடாமலே அடுத்த சுற்று. அந்த நான்கில் உள்ளூர் அணி எப்படியோ ஒவ்வொரு ஊரிலும் இருந்துவிடுகிறது.

புதுவயல் அரிசி

அக்கா, குலுக்கியது ஒரு சின்னப் பிள்ளை. எல்லோர் முன்னாடியும்.

பழைய லிஃப்டர்

சரி தம்பி, பிள்ளை மேல் குற்றம் சொல்லவில்லை.

எட்டாம் நம்பர்

நான் இப்போது கல்லூரி அணியில் ஆடுகிறேன். எல்லோரும் எங்களுக்காகப் பேசுகிறீர்கள், நன்றி. ஆனால் நான் நாக் அவுட் கட்சி.

லீக்கில் கடைசி ஆட்டம் பல நேரம் செத்த ஆட்டம். இரண்டு அணியும் ஏற்கெனவே வெளியே. அதைப் போன மாதம் ஒரு ஊரில் இரவு ஒரு மணிக்கு ஆடினோம். பார்க்க ஸ்கோர் போடுகிற அண்ணனும் ஒரு நாயும் இருந்தார்கள். அதற்கு ஒரே ஆட்டம் ஆடித் தோற்பது மேல். ஐந்து செட்டாக வையுங்கள், மாலையில் வையுங்கள், ராத்திரி படுக்க இடம் கொடுங்கள். வளவுக்காரன் அண்ணே, அந்த அணியைப் பற்றி எழுதியதில் எனக்கு வலித்தது தோற்றது இல்லை. பதினொன்றரை மணி, அப்புறம் அந்த பஸ். லீக் வைத்தாலும் அதே பதினொன்றரைக்கு அழைத்தால் அதே கதைதான்.

தேக்குத்தூண்

இந்தப் பிள்ளை பேசுவதுதான் பேச்சு.

வளவுக்காரன்

தங்கச்சி சொல்வது உண்மை. ஆண்கள் ஆட்டங்களுக்கு நடுவில் இடைவெளி கிடைத்த இடத்தில் மகளிர் ஆட்டத்தைச் செருகினோம். அதனால்தான் பதினொன்றரை.

பி.டி. மாஸ்டர்

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நாக் அவுட், முழு லீக் இரண்டு மட்டும்தான் உலகத்தில் இருக்கிற மாதிரி பேசுகிறீர்கள். நம் நாட்டில் தேசியப் போட்டியே குழு லீக் ஆடிவிட்டு அப்புறம் நாக் அவுட் போகிற முறைதான்.

12 அணியை மூன்று மூன்றாக நான்கு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு 3 ஆட்டம், ஆக 12. ஒவ்வொரு குழுவிலும் முதலிடம் மட்டும் அரை இறுதிக்கு. இரண்டு அரை இறுதி, ஒரு இறுதி. மொத்தம் 15. ஐயாவின் நாக் அவுட் 11. வித்தியாசம் நான்கே ஆட்டம். எல்லா அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம், யாருக்கும் 'பை' இல்லை, அதற்காகப் பிள்ளையை வைத்துக் குலுக்க வேண்டியதும் இல்லை.

எட்டாம் நம்பருக்கு: செத்த ஆட்டம் வராமல் செய்ய வழி உண்டு. முதலில் ஒன்றாம் அணியும் இரண்டாம் அணியும். அதில் தோற்றவர் உடனே மூன்றாம் அணியோடு. கடைசியில் முதல் ஆட்டத்தில் ஜெயித்தவரும் மூன்றாம் அணியும். தாளில் போட்டுப் பாருங்கள், எந்த முடிவு வந்தாலும் கடைசி ஆட்டத்தில்தான் குழுவின் முதலிடம் தீர்மானமாகும். தேக்குத்தூண் ஐயாவுக்கும் இது பிடிக்க வேண்டும், கடைசி ஆட்டம் கிட்டத்தட்ட நாக் அவுட்தான்.

நேரம்: இரண்டு களம். ஒரு களத்தில் இரண்டு குழுவை ஒன்றுவிட்டு ஒன்றாக ஆடவிட்டால் எந்த அணியும் அடுத்தடுத்து இறங்க வேண்டியதில்லை. மூன்று செட் ஆட்டம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் களத்துக்கு ஆறு மணி நேரம். சனிக்கிழமை மாலை நாலுக்குத் தொடங்கினால் பத்துக்கு முடியும். அதற்குப் பிறகு ஆண்கள்.

புதுவயல் அரிசி

மாஸ்டர், மூன்று அணியும் ஆளுக்கு ஒரு வெற்றி என்று நின்றால்? பக்கத்து ஊரில் இப்படி நின்று, மூன்று போனில் மூன்று கால்குலேட்டர், மூன்று விடை. மைக்கைப் பிடுங்கி அடிதடி. நாக் அவுட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஜெயித்தவன் ஜெயித்தான்.

பி.டி. மாஸ்டர்

நியாயமான கேள்வி. மூன்று விடை வந்தது, விதியை முன்கூட்டி எழுதி ஒட்டாததால்.

உலக வாலிபால் சம்மேளனத்தின் வரிசை இது: முதலில் எத்தனை வெற்றி, அப்புறம் பட்டியல் புள்ளி, அப்புறம் ஜெயித்த செட்டுக்கும் தோற்ற செட்டுக்கும் உள்ள விகிதம், கடைசியாக ஆட்டத்தில் எடுத்த பாயிண்டுக்கும் விட்ட பாயிண்டுக்கும் உள்ள விகிதம். புள்ளியை மூன்று செட் ஆட்டத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: 2-0 என்றால் ஜெயித்தவருக்கு 3, தோற்றவருக்கு 0. 2-1 என்றால் 2, 1.

அ அணி ஆ அணியை 2-0 என்று ஜெயிக்கிறது. ஆ அணி இ அணியை 2-1. இ அணி அ அணியை 2-0. ஆளுக்கு ஒரு வெற்றி. இ-க்கு 1+3=4, அ-க்கு 3, ஆ-வுக்கு 2. இ மேலே போகிறது. கால்குலேட்டரே வேண்டாம், விரல் போதும். புள்ளியும் சமமாக நின்றால்தான் விகிதம். பந்தல் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த உடனே எழுதிவிடுங்கள், மைக்குக்குச் சண்டை வராது.

தேக்குத்தூண்

மாஸ்டர் கணக்கு வாத்தியாராகப் போயிருக்கலாம். இரண்டாவது களம் என்கிறீர்கள். கம்பம்? வலை? இரண்டு நடுவர், கோட்டுக்கு ஆள், ஸ்கோருக்கு ஆள், அத்தனை பேருக்கும் படி, சாப்பாடு. நான்கு ஆட்டம்தான் கூட என்பது தாளில் சரி.

எட்டாம் நம்பர்

கோட்டுக்கு நாங்களே நிற்போம். முந்தைய ஆட்டம் முடித்த அணி அடுத்த ஆட்டத்துக்குக் கொடி பிடிக்கும், நிறைய இடத்தில் அப்படித்தான்.

கடைசி ஆட்டம் எப்போதும் உயிரோடு இருக்கும் என்றால் நான் கட்சி மாறத் தயார். படுக்க இடம்?

வளவுக்காரன்

எங்கள் பெரியப்பா வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கிறது. நடு முற்றமான வளவைச் சுற்றி எட்டு அறை, கிணறு, பின்கட்டில் மூன்று பாத்ரூம். ஆச்சியிடம் கேட்டேன். "ஆத்தங்குடிக் கல்லில் ஷூ போட்டு நடக்காமல் இருந்தால் எத்தனை பிள்ளைகள் வேண்டுமானாலும் படுக்கட்டும்" என்றார்கள். ஞாயிறு காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் அவர்கள் பொறுப்பாம்.

பழைய லிஃப்டர்

ஆச்சியிடம் சொல்லுங்கள், ஆட்டத்துக்கு முன்னால் பணியாரம் அளவாக. ஆறு பணியாரம் சாப்பிட்டுவிட்டு குதித்த அனுபவம் எனக்கு உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம், யாரும் எழுதவில்லை. சென்ற ஆண்டு வலையை இறக்கினீர்களா? பெண்களுக்கு 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. நான் பார்வையாளராக வந்திருந்தேன், எனக்கு என்னவோ ஆண்கள் உயரத்திலேயே கட்டியிருந்த மாதிரிதான் தெரிந்தது. அன்றைக்கு அடித்த பந்தெல்லாம் வலையில் போய் விழுந்ததற்குப் பிள்ளைகளைக் குறை சொன்னார்கள்.

வளவுக்காரன்

அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பத்தில் கொக்கி ஒரே இடத்தில்தான் வெல்டு வைத்திருக்கிறது. 2.43. இறக்க வழியே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

தேக்குத்தூண்

19 சென்டிமீட்டர். பத்து பேர் கமிட்டியில் இருக்கிறோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லையே.

இரண்டாவது ஜோடிக் கம்பமும் வலையும் என் செலவு. குழு முறையே இருக்கட்டும். ஆனால் அரை இறுதியிலிருந்து தோற்றால் வெளியேதான், இறுதி ஆட்டம் ஐந்து செட். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கொனெலியானோ லிஃப்டர் பெண் பந்து போடுவதைப் பேரன் மறுபடி காட்டினான், எந்தப் பக்கம் போடப்போகிறாள் என்று எனக்கே கடைசி வரை தெரியவில்லை.

பல்லவன் பயணி

வோவோஷ், போலந்துக்காரி, அணித்தலைவி. அடுத்த தடவை பின்வரிசையில் தடுத்து மட்டும் ஆடுகிற லிபரோ தெ ஜென்னாரோவையும் பாருங்கள் ஐயா, தரையைத் தொடப்போகிற பந்துக்கு அடியில் கையை நுழைத்து எடுப்பதை.

வளவுக்காரன்

கமிட்டியில் இன்று ராத்திரி வைக்கிறேன். ஆண்கள் ஆட்டம் பத்து மணிக்கு மேல் என்றால் இரண்டு பேர் எகிறுவார்கள், அதற்கு ஐயாவும் வந்தால் நல்லது. புதுவயல் தம்பி, உங்கள் ஊர் மில் பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருக்கிறதே, பழைய கம்பத்தில் 2.24-க்கு ஒரு கொக்கி கூடுதலாக வைக்க என்ன கேட்பார்கள்?

புதுவயல் அரிசி

கேட்டுச் சொல்கிறேன் அண்ணே. தரையிலிருந்தா, புதைத்த இடத்திலிருந்தா? டேப்பை எடுத்துக்கொண்டு யாராவது கூட வாருங்கள்.