டயப்பரைக் கழற்றும் பருவம்: டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர் பகிர்வு

கேள்வி: திருநெல்வேலி, மகன், ஆட்டிசம், ஐந்தரை வயது

பேச்சு இல்லை, நாம் சொல்வது புரியும். சிறுநீர் ஜட்டியிலேயே போய்விடுகிறது. மலம் மட்டும் டயப்பர் கட்டினால்தான் போகிறான். கட்டாவிட்டால் மூன்று நாள்கூட அடக்கிக்கொள்கிறான். ஜூனில் பள்ளி. "வயசானா தானா வரும்" என்ற பதிலை நிறையக் கேட்டாயிற்று. செய்துபார்த்தவர்கள் நேரம், அளவு, எங்கே தப்பாகும் என்பதோடு எழுதுங்கள்.

சேலம், மகள், டவுன் சிண்ட்ரோம், 11 வயது

தங்கச்சி, உட்காரவைப்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஐந்து நாள், காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை அரைமணிக்கு ஒரு தடவை பார்த்து உலர்வா, ஈரமா, மலமா என்று எழுத வேண்டும். பக்கத்திலேயே என்ன குடித்தான், எத்தனை தம்ளர். இப்போதைய டயப்பர்கள் ஈரத்தை ஜெல்லாக்கி உள்ளே இழுத்துவிடும், தொட்டால் தெரியாது. உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வையுங்கள். அது நனைந்திருந்தால் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

ஐந்து நாள் முடிந்ததும் எவ்வளவு நேரம் உலர்வாக இருக்கிறான் என்று பாருங்கள். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் தாங்குகிறான் என்றால் பழக்க ஆரம்பிக்கலாம். வழக்கமாகப் போகும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை சொட்டுச் சொட்டாகப் போனால் முதலில் டாக்டர். சிறுநீர்த் தொற்று இருக்கலாம், அல்லது குடலில் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தலாம். அந்த நிலையில் எந்தப் பழக்கமும் நிற்காது. பிள்ளையும் நாமும் சேர்ந்து களைத்துப்போவதுதான் மிச்சம்.

உட்காரும் நேரம் மூன்று நிமிடம், அதிகபட்சம் ஐந்து. "வந்தாத்தான் எழுந்திரிக்கணும்" என்று இருபது நிமிடம் உட்காரவைத்தால் அந்த அறையே தண்டனை அறையாகிவிடும். மலத்துக்கு, சாப்பிட்டு முடித்துப் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உட்காரவையுங்கள். சாப்பாடு வயிற்றில் இறங்கியதும் குடல் தானாக அசையும், அந்த அசைவு நமக்கு உதவி. தண்ணீரைக் குறைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் 'வருகிறது' என்ற உணர்வே பிள்ளைக்குப் பழகும்.

கோவை, குழந்தைகள் வார்டு செவிலியர், ஆட்டிசம் உள்ள மகனின் அம்மா

மூன்று நாள் அடக்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பார்க்க வேண்டும். அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் போகும்போது வலிக்கும், வலித்ததால் மறுபடி அடக்குவான். நாளாக நாளாகக் குடல் விரிந்து, நிறைந்திருக்கும் உணர்வே மங்கும். பிறகு இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும். வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுத்துவிடுகிறார்கள். ரொம்ப அடிக்கடி நடக்கும் தவறு இது. ஜட்டியில் கறை, நடுவில் ஒருநாள் டாய்லெட்டே அடைக்கிற அளவுக்குப் பெரிய கட்டி: இரண்டும் சேர்ந்து இருந்தால் மலச்சிக்கல்தான்.

டாக்டர் மலமிளக்கி எழுதிக் கொடுத்தால் இளகியதும் நிறுத்திவிடாதீர்கள். விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்காகும். டாக்டர் சொல்லும்வரை அளவைக் குறைக்கக்கூட வேண்டாம். விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, அடிக்கடி எனிமா, எதுவும் வேண்டாம். அந்த இடத்தைத் தொட்டாலே உடலை விறைத்துக்கொள்ளும் பயம் வந்துவிடும். அந்தப் பயத்தைக் கரைப்பது மலச்சிக்கலைச் சரிசெய்வதைவிடக் கஷ்டம்.

ஆட்டிசம் பிள்ளைகள் பலர் வெள்ளைச் சோறு, பிஸ்கட், பால் என்று நான்கைந்து பொருளுக்குள்ளேயே நின்றுவிடுவார்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் மற்ற சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது. அதை முதலில் குறையுங்கள், ஒரே நாளில் நிறுத்தாமல் தம்ளரில் கால் பங்கு, கால் பங்காக.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குத் தசையே தளர்வு என்பதால் முக்குவதற்கு வலு குறைவு. அதோடு தைராய்டு குறைவு அடிக்கடி வரும், அதுவும் மலச்சிக்கல் உண்டாக்கும். பிறந்ததும், 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு வருடம் ஒருமுறை டிஎஸ்ஹெச் (தைராய்டு அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். பிறந்த நாளிலிருந்தே மலம் கஷ்டம், வயிறு உப்பல் என்றால் குடல் நரம்புக் குறையான ஹிர்ஷ்ப்ரங் நோய் இருக்கிறதா என்று குழந்தைகள் அறுவைசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும்.

இனி அந்த 'டயப்பர் கட்டினால்தான்' விஷயம். டயப்பரைப் பிடுங்கக் கூடாது, இடத்தை மாற்ற வேண்டும். மலம் இளகிய பிறகுதான் இதைத் தொடங்குவது. முதலில் டயப்பர் கட்டியபடியே பாத்ரூமுக்குள் நின்று போகட்டும். அது பழகியதும் டயப்பரோடு மூடிய டாய்லெட் மேல் உட்காரட்டும். பிறகு மூடியைத் திறந்து, டயப்பரோடு. அடுத்து டயப்பரின் அடியில் கத்தரியால் நாலணா அளவுக்கு ஓட்டை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தால், கடைசியில் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டைதான் மிஞ்சும். அந்தப் பட்டையையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பிறகு எடுத்துவிடலாம். ஒரு படி மூன்று நாலு நாள் அழுகையில்லாமல் நடந்தால்தான் அடுத்தது. அழுதால் ஒரு படி பின்னால் போங்கள். "நேத்து நல்லா போச்சே" என்று இரண்டு படியைத் தாண்டுவதில்தான் பெரும்பாலும் கெடுகிறது.

மதுரை, சிறப்புப் பயிற்றுநர்

பாத்ரூமுக்குள் போய்ப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம், பினாயில் வாடை, ஈரத் தரை, கண்ணில் அடிக்கும் விளக்கு, திடீரென்று பாயும் பைப் ஸ்ப்ரே. ஆட்டிசம் பிள்ளைக்கு இதில் ஒன்றே போதும் ஓடிவிட. ஃப்ளஷ் பிள்ளை வெளியே போன பிறகு. ஸ்ப்ரேக்குப் பதில் மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர். தரையைத் துடைத்து உலரவைத்த பிறகு கூப்பிடுங்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்க முடியாது. முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே வரும் உயரத்துக்கு, பாதம் முழுதாகப் படும்படி ஒரு ஸ்டூல் வேண்டும். ஓட்டையைச் சிறிதாக்கும் குழந்தை சீட்டும் வேண்டும். அது ஆடினால் பிள்ளை உட்காராது. வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு மூட்டு தளர்வாக இருப்பதால் இந்தியன் டாய்லெட்டில் குந்துவது சுலபம், எழுந்திருப்பதுதான் சிரமம். குந்தியிருக்கும்போது நெஞ்சு உயரத்தில் சுவரில் ஒரு பிடிக்கம்பி போடுங்கள். கால் வைக்கும் இடத்தில் பிள்ளையின் பாதத்தையே வரைந்து பெயின்ட் அடியுங்கள். முக்கத் தெரியாத பிள்ளைக்கு உட்கார்ந்தபடி ஊத ஒரு பீப்பி கொடுங்கள். ஊதும்போது வயிற்றுத் தசை தானாக இறுகும். பல அரசுப் பள்ளிகளில் இந்தியன்தான் இருக்கும், ஆகவே இரண்டிலும் பழக்கியிருக்க வேண்டும்.

பேச்சு விஷயம். "ஒன்னுக்கு வருதா?" என்று கேட்காதீர்கள். கேள்விக்கு "இல்லை" என்பதும் ஒரு பதில்தானே. டாய்லெட் போட்டோவைக் கையில் கொடுத்து, "ஒன்னுக்கு" என்று ஒரே சொல். கடையில் விற்கும் கார்ட்டூன் படம் வேண்டாம், உங்கள் வீட்டுக் கதவு, உங்கள் வீட்டு மக். அம்மா "உச்சா", ஆச்சி "மூத்திரம்", பள்ளியில் "டாய்லெட்" என்றால் பிள்ளைக்கு அது மூன்று வேலை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஜட்டியை இறக்கவும் ஏற்றவும் உதவும்போது பின்னால் நின்று கையால் வழிகாட்டுங்கள், வாயால் அடுக்காதீர்கள். கை உதவியை முழங்கை, தோள், லேசான தொடுதல் என்று குறைத்து எடுத்துவிடலாம். "இறக்கு, உட்காரு, கழுவு" என்ற குரலைக் குறைப்பது கஷ்டம், பிள்ளை ஒவ்வொரு படியிலும் அந்தக் குரலுக்காகக் காத்து நிற்கும். ஜட்டி ஏற்றுவதைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள்: இடுப்புவரை நீங்கள் ஏற்றிவிட்டு, கடைசி இரண்டு அங்குலம் மட்டும் அவன். முடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கும். ஹூக், ஜிப் இல்லாத எலாஸ்டிக் டவுசர் மட்டும்.

பரிசு இரண்டு விநாடிக்குள் கையில் இருக்க வேண்டும், அந்தப் பொருள் வேறு எதற்கும் கிடைக்கக் கூடாது. கை கழுவி, துடைத்து, ஹாலுக்கு வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்றே தெரியாது. ஜட்டியில் போனால் திட்டு வேண்டாம், "ச்சீ"யும் வேண்டாம். உணர்ச்சி காட்டாமல் மாற்றிவிடுங்கள்.

தஞ்சாவூர், இரட்டையரில் ஒருவனுக்கு ஆட்டிசம், 9 வயது

மலத்தைச் சுவரில் பூசும் பிள்ளைகளைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். இது பிடிவாதம் இல்லை. சரியாகக் கழுவாமல் அரிப்பது, பூச்சி, மலச்சிக்கல், அந்தப் பிசுபிசுப்பு பிடித்துப்போவது, பூசினால் வீடே ஓடிவருவது: இதில் எது என்று பார்க்க வேண்டும். பூச்சிக்கு டாக்டரிடம் கேட்டு மருந்து. பிசுபிசுப்புக்குத் தினமும் இரண்டு வேளை சப்பாத்தி மாவு, களிமண். சுத்தம் செய்யும்போது முகத்தில் எதுவும் காட்டாமல், பேசாமல், சீக்கிரம் முடிக்க வேண்டும். தண்ணீர் விளையாட்டாக அது மாறினால் நாளைக்கும் பூசுவான். மதியத் தூக்கத்திலும் விடிகாலையிலும்தான் பெரும்பாலும் நடக்கும், அந்த இரண்டு நேரத்துக்கு முதுகுப் பக்கம் ஜிப் வைத்துத் தைத்த உடுப்பு.

சென்னை, மகன், டவுன் சிண்ட்ரோம், 14 வயது

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவசரமாக ஒன்று. நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று மறுபடி ஜட்டியில் போக ஆரம்பித்தால் "சேட்டை" என்று விடாதீர்கள். கூடவே நடை மாறுகிறதா, கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொள்கிறதா, கையில் பிடி தளர்கிறதா, கழுத்து வலியா என்று பாருங்கள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தளர்வு ஏற்பட்டுத் தண்டுவடம் அழுத்தப்பட்டால் இப்படித்தான் தொடங்கும். அன்றைக்கே மருத்துவமனை. சுளுக்கு எடுப்பவரிடமோ எண்ணெய் போட்டுக் கழுத்தைத் திருப்புபவரிடமோ தயவுசெய்து போகாதீர்கள். எந்த அறுவைசிகிச்சைக்கு முன்னாலும் மயக்க மருந்து டாக்டரிடம் 'டவுன் சிண்ட்ரோம், கழுத்தைக் கவனமாகக் கையாளுங்கள்' என்று நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எந்தப் பிள்ளையாக இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டால் மட்டும் பயந்து பழக்கம் கெட்டால் அதையும் கேளுங்கள். கழுவிவிட யாருக்கு அனுமதி என்று வீட்டிலேயே இரண்டு மூன்று பேரை முடிவு செய்து, பிள்ளைக்குப் போட்டோவில் காட்டிவிட வேண்டும். சந்தேகம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஈரோடு, மகள், ஆட்டிசம், 12 வயது

பள்ளிக்கு. 'டயப்பர் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம்' என்று வாயால் சொல்பவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16: அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். பிரிவு 31: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி. இந்த இரண்டு எண்ணையும் கடிதத்தில் எழுதினால் பேச்சு மாறும். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், சேர்க்கைக்கு முன்பே பேசிவையுங்கள். சான்றிதழ் கையில் வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, அதற்குள் தெரபி செலவுக்கும் இடம் உண்டு.

பையில் இரண்டு ஜட்டி, ஒரு டவுசர், ஈரத்துணி போட ஒரு கவர், வீட்டு மக், வீட்டில் காட்டும் அதே போட்டோ அட்டை. ஆயாம்மாவுக்கு ஒரே பக்கத் தாள்: எத்தனை மணிக்கு, என்ன சொல், எது பயம். அவங்க கையிலேயே கொடுத்து, ஒருநாள் கூட இருந்து செய்து காட்டுங்கள். அவர்களை மரியாதையாகக் கேட்டுக்கொண்டால் பிள்ளையைச் சொந்தமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

பெண் பிள்ளை என்றால் பத்து வயதிலேயே மாதத்தில் இரண்டு நாள் நாப்கின் கட்டிப் பழக்குங்கள். ஜட்டியின் உள்ளே நாப்கின் உட்காரும் இடத்தைக் கலர் நூலால் தைத்துக் காட்டுங்கள், எங்கே ஒட்டுவது என்று கண்ணுக்கே தெரியும். பிளாஸ்டிக் உராய்வு தாங்காத பிள்ளைக்குப் பருத்தித் துணி.

சேலம், மறுபடியும்

ஒன்று விட்டுப்போனது. முதல் பத்து நாளை ஒரே ஆள் தூக்காதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஓடினால் நாலாம் நாள் யாருக்கும் கோபம் வரும், அந்தக் கோபம் பிள்ளை மேல்தான் விழும். அம்மா மட்டுமே கூட்டிப்போனால் அம்மா இருந்தால்தான் போவான் என்றும் ஆகிவிடும். மூன்றாம் நாளிலிருந்து அப்பா ஒரு வேளை, ஆச்சி ஒரு வேளை. பக்கத்தில் நம்மைப் போல இன்னொரு வீடு இருந்தால் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆயாம்மாவுக்குக் கொடுக்கும் அதே தாளைக் கொடுத்து. நம் பிள்ளை ஜட்டியில் போனால் சங்கடப்படாத வீடு அது ஒன்றுதான்.

திருநெல்வேலி

நாளையிலிருந்து நோட்டு, திங்கட்கிழமை டாக்டர். இரவுக்கு என்ன செய்வது?

கோவை

இரவை இப்போது தொடவே வேண்டாம் அம்மா. பகல் பழக்கம் பல மாதம் நிலைத்த பிறகுதான். அதுவரை இரவு டயப்பர் இருக்கட்டும். பிறகு ஆரம்பிக்கும்போது மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் போர்வை, மறுபடி ரப்பர் ஷீட், மறுபடி போர்வை. நடுராத்திரி நனைந்தால் மேல் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு, விளக்குப் போடாமல் அப்படியே படுக்கவைத்துவிடலாம்.