அம்மாவோடு குளிர்காலத்தில் சிம்லா, மணாலி: ரயில், பஸ்ஸிலேயே முடியுமா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையிலிருந்து நான், அம்மா, தங்கச்சி மூணு பேர். அம்மாவுக்கு 58 வயசு, லேசா மூட்டுவலி உண்டு. ஒரு தடவையாவது பனியைக் கண்ணால பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. விமானம், டாக்சிக்கெல்லாம் வசதி இல்லை. ஜனவரி 25 ராத்திரி டெல்லி, 26 காலையிலேயே சிம்லா கிளம்பறோம். அங்கே ரெண்டு நாள், அப்புறம் பஸ்ஸில் மணாலி ரெண்டு நாள், திரும்ப டெல்லி வந்து அன்னைக்கே ரயில். ஸ்லீப்பர் போதுமா? இந்தத் திட்டம் சரியா வருமா?

மெதுரயில்:
தம்பி, முதல்ல தேதியை மாத்துங்க. 26ஆம் தேதி காலையில குடியரசு தின அணிவகுப்பு. நடு டெல்லியில பல ரோடு மூடியிருக்கும், சோதனையும் அதிகம். அதோட ஜனவரி முழுக்க அந்தப் பக்கம் மூடுபனி. ஆக்ராவை நெருங்கறப்பவே ரயில் ஊர ஆரம்பிச்சிடும், நாலஞ்சு மணி நேரம் லேட் ஆனா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. பிப்ரவரி முதல் வாரத்துக்குத் தள்ளிப் போடுங்க. மலையில அப்பவும் பனி விழும்.

இன்னொண்ணு, மதுரையிலிருந்து வர்ற திருக்குறள் எக்ஸ்பிரஸ், சம்பர்க் கிராந்தி ரெண்டுமே ஹஸ்ரத் நிஜாமுதீன்ல நிக்கும். சிம்லா மலை அடிவாரத்துல இருக்கற கால்காவுக்குப் போற நேதாஜி எக்ஸ்பிரஸை (பழைய கால்கா மெயில்தான்) பழைய டெல்லி ஸ்டேஷன்ல பிடிக்கணும். கம்மி செலவுப் பயணத்தைக் கவிழ்க்கிறதே இந்த மாதிரி தவறிப்போற இணைப்பு வண்டிதான். முதல் வண்டி லேட்டாகி அடுத்தது போச்சுன்னா, நடுராத்திரியில டாக்சி பேசணும், கிடைச்ச ரூமை எடுக்கணும். மிச்சம் பிடிச்சதெல்லாம் அங்கேயே கரைஞ்சிடும். அதனால டெல்லியில ஒரு ராத்திரி தங்குங்க. ரயில் டிக்கெட்டோட பிஎன்ஆர் இருந்தா ஸ்டேஷன் ஓய்வறைக்கு ஐஆர்சிடிசி மூலமா முன்பதிவு பண்ணலாம்.

ஸ்லீப்பர் வேண்டாம். நாக்பூர் தாண்டின ராத்திரியில ஜன்னல் ஷட்டர் இடுக்கு வழியா வர்ற காத்து மூட்டுவலிக்காரங்களைத் தூங்கவே விடாது. ஸ்லீப்பர்ல கம்பளியும் தரமாட்டாங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் கஞ்சத்தனம் பார்க்காம தேர்டு ஏசி போடுங்க. 45 வயசு தாண்டின பெண்களுக்குக் கீழ் பெர்த் கோட்டா உண்டு, ஆனா உங்களோட ஒரே டிக்கெட்ல போட்டா அது கிடைக்காது. அம்மாவுக்குத் தனி டிக்கெட் எடுத்தா பெட்டி மாறிப்போகலாம். அந்தச் சங்கடம் பரவாயில்லைன்னா அப்படிச் செய்யுங்க.

கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் சின்ன ரயில்லயே ஏறுங்க. பஸ் சீக்கிரம் போகும், தெரியும். இருந்தாலும் 1903இல் போட்ட அந்தப் பாதையில 96 கிலோமீட்டரும் நூறுக்கு மேல சுரங்கமும் கடந்து போறப்போ 656 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டரைத் தாண்டி மெதுவா ஏறுவீங்க. அஞ்சாறு மணி நேரம் ஆகும். வழியில பரோக் ஸ்டேஷன்ல நிறுத்துவான், அந்தப் பாதையிலயே நீளமான சுரங்கம் அங்கேதான், ஒரு கிலோமீட்டருக்கு மேல. வளைவுல தலை சுத்தற அம்மாக்களுக்கு மலை பஸ்ஸை விட இது எவ்வளவோ நல்லது.

மணாலியை விட்டுடுங்க. பெரிய ஆசையில கை வைக்கிறேன்னு தெரியும். ஆனா சிம்லாவிலிருந்து மணாலி ஒரு பகல் முழுக்க பஸ். நடுவுல பனி கொட்டினா ரெண்டு ஊருக்கும் நடுவுல மாட்டிக்குவீங்க. சிம்லாவிலேயே நாலு ராத்திரி தங்கினா ரூம் வாடகையும் பேசிக் குறைக்கலாம், பனி விழற நாளுக்காகக் காத்திருக்கவும் முடியும். சிம்லாவுல மழைதான் பெய்யுதுன்னா சோர்ந்துபோகாதீங்க, அறுபது எழுபது கிலோமீட்டர் மேல நார்கண்டா 2,700 மீட்டர். சிம்லாவை விட அஞ்சாறுநூறு மீட்டர் உயரம், அதுக்கே குளிர் மூணு டிகிரிக்கு மேல குறையும், கீழே மழையா விழறது அங்கே பனியா விழும். சாதாரண எச்ஆர்டிசி (இமாச்சல் அரசு) பஸ்லயே போய்ட்டு சாயங்காலம் திரும்பிடலாம். அதுக்கு முன்பதிவு வேண்டாம். பனி விழுந்த மறுநாள் காலையில மட்டும் அவசரப்படாம, ரோடு திறந்தாச்சான்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டுட்டு ஏறுங்க.

அந்தரமலை:
அண்ணே சொன்னதுல மணாலி விஷயம் மட்டும் ஒத்துக்க மாட்டேன். டெல்லி காஷ்மீரி கேட்லேர்ந்து ராத்திரி வால்வோ ஏறினா காலையில நேரா மணாலி. மணாலிக்கு மேல இருக்கற அடல் சுரங்க ரோடு வழியா மலைக்கு அந்தப் பக்கம் போனா பனிக்கு உத்தரவாதம். சிம்லாவுல சில வருஷம் பனியே நிக்காது.

மெதுரயில்:
உங்க பேச்சுல நியாயம் இருக்கு. பனி மட்டும்தான் குறின்னா மணாலி பக்கம்தான் வாய்ப்பு அதிகம். ஆனா பனி கொட்டினா அந்தச் சுரங்கத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கற (4x4) வண்டி, இல்லேன்னா டயர்ல சங்கிலி கட்டின வண்டியைத்தான் விடுவாங்க. சில நாள் சுற்றுலாக்காரங்களை அடியோட நிறுத்திடுவாங்க. அங்கே டாக்சி இல்லாம நகர முடியாது, தம்பிகிட்ட அதுக்குத்தான் காசு இல்லை. மூட்டுவலியோட ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வர்றதையும் யோசிக்கணும்.

பனிமலர்:
அம்மாவுக்காக ரெண்டு விஷயம். சிம்லா மால் ரோட்டுக்கு வண்டி வராது. குறைஞ்ச வாடகை ரூம் பாதிக்கு மேல படிக்கட்டு நடுவுலதான் இருக்கும். எத்தனை படின்னு போன்லயே கேளுங்க. கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்கு லிஃப்ட் இருக்கு, அதுக்குப் பக்கத்துல ரூம் பார்த்தா நல்லது. ஹீட்டருக்குத் தனிக் காசான்னும் கேட்டுக்கோங்க.

காலையில வெயில் படாத ரோட்டுல கண்ணாடி மாதிரி பனிக்கட்டி உறைஞ்சிருக்கும், கண்ணுக்கே தெரியாது. பழைய முரட்டு சாக்ஸை ஷூவுக்கு மேல இழுத்து மாட்டிவிடுங்க, பிடிமானம் கிடைக்கும். சின்னச் சின்ன அடியா வைக்கச் சொல்லுங்க.

வைகைக்கரை:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட கேட்டேன், சிம்லாவே போதும்னாங்க. டிக்கெட் எப்போ திறக்கும்? திரும்பறப்போ எவ்வளவு இடைவெளி விடணும்?

மெதுரயில்:
60 நாள் முன்னாடி, காலை 8 மணிக்கு. பிப்ரவரி 2 கிளம்பறீங்கன்னா டிசம்பர் 4 அன்னைக்குத் தயாரா உட்காருங்க. திரும்பறப்போ ஊர் ரயிலுக்கு முந்தின நாளே டெல்லி வந்து சேர்ந்திடுங்க. அந்த ரயில் 3 மணி நேரத்துக்கு மேல லேட்டாகி, நீங்க போகாம விட்டா முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், வண்டி கிளம்பறதுக்குள்ள டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கிற மனு) போட்டிருக்கணும். ரயில் டிக்கெட் உறுதியானதும் இங்கே சொல்லுங்க, நார்கண்டா பஸ் பிடிக்கிற இடத்தை விவரமா எழுதறேன்.