நாஜிகளை யூதர்கள் எதிர்த்த வரலாற்றில் இசை: ‘எதிர்நிற்பிசை’ என்னும் சொல் பற்றி

அன்புடையீர்,

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் கெட்டோக்களிலும் (யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதிகள்) முகாம்களிலும் அடைபட்டிருந்த யூதர்கள் இயற்றியும் பாடியும் வந்த இசையைக் குறிக்க, தமிழ்ச் சொல் தேடும் இவ்விழையில் ‘இசை எதிர்ப்பு’, ‘போராட்ட இசை’, ‘ஆன்மிக எதிர்ப்பு’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ‘மது எதிர்ப்பு’ என்று பேசிப் பழகிய நாம் முதற்சொல்லை இசையை எதிர்ப்பது என்றே படிப்போம். எனவே அதைக் கைவிடலாம்.

‘போராட்ட இசை’ சில பாடல்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. வார்சா கெட்டோ எழுச்சியின் செய்தி 1943இல் வில்னாவை (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) எட்டியபோது, அங்கே அடைபட்டிருந்த இளங்கவிஞர் ஹிர்ஷ் க்ளிக் ஒரு சோவியத் பாடலின் மெட்டுக்கு கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதிய வரிகள், அந்த கெட்டோவில் மறைவாக இயங்கிய ஆயுதக் குழுவின் கீதமாகிப் பிற கெட்டோக்களுக்கும் முகாம்களுக்கும் பரவின. அதற்கு முந்தைய ஆண்டில் அவர் எழுதிய இன்னொரு பாடல், அக்குழுவைச் சேர்ந்த விட்கா கெம்ப்னர் உள்ளிட்டோர் ஜெர்மன் ரயிலுக்கு வெடி வைத்த நிகழ்வைப் பாடுகிறது. இவற்றைப் போராட்ட இசை என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் செக் நாட்டில் நாஜிகள் நடத்திய கெட்டோ முகாமான தெரெசீனில் நடந்ததை அச்சொல் தாங்குமா? அங்கே கைதியாக இருந்த இசை நடத்துநர் ரஃபாயெல் ஷெக்டர், கையிலிருந்த ஒரே இசைப்படியைக் கொண்டு, பசியோடிருந்த கைதிகளுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியத்தைச் செவிவழியாகவே கற்பித்தார். பாடகர்களைக் கொலைமுகாம்களுக்குச் செல்லும் கிழக்கு நோக்கிய ரயில்கள் கொண்டுபோனபோதெல்லாம் புதியவர்களைச் சேர்த்து மீண்டும் தொடங்கினார். கத்தோலிக்கர்களின் இறப்பு வழிபாட்டு இசையை யூதர்கள் ஏன் பாட வேண்டும் என்று அங்கிருந்த மூத்தோர் சிலர் கேட்டதையும் மீறி அவர் நிறுத்தவில்லை. இறுதித் தீர்ப்பு நாளைப் பாடும் அந்த லத்தீன் வரிகளை, தங்களைச் சிறைவைத்தவர்களின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சொல்லும் வாயாகவே அவர் கருதினார். இங்கே ஆயுதமும் இல்லை, கிளர்ச்சியும் இல்லை. இருந்தும் இது பணிந்துபோதல் அன்று.

‘ஆன்மிக எதிர்ப்பு’ முதற்சொல்லின் குறையையே கொண்டிருப்பதோடு, சமயச் சாயலையும் ஏற்றிவிடுகிறது. போலந்தின் வூட்ச் நகர கெட்டோவின் தெருக்களில் நின்று, கெட்டோ நிர்வாகத் தலைவர் ரும்கோவ்ஸ்கியை நையாண்டி செய்து பாடிய யான்கெலே ஹெர்ஷ்கோவிச்சின் பாட்டில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது?

இத்தகைய எதிர்ப்புகள் அனைத்துக்கும் எபிரேயத்தில் வழங்குவது ‘அமிதா’. நிற்றல் என்பதே அதன் நேர்ப்பொருள். வரலாற்றாசிரியர் யெகுதா பாவர், உணவு கடத்தல், மறைவாகப் பள்ளி நடத்துதல், இசை, ஆயுதமேந்துதல் ஆகிய அனைத்தையும் இதன்கீழ் கொண்டுவந்தார். நம்மிடமும் இச்சொல் இருக்கிறது: கூற்றமே சினந்து மேல்வந்தாலும் ‘கூடி எதிர்நிற்கும்’ ஆற்றல் என்கிறது குறள். அது படையைப் பற்றிய குறள்தான். ஆனாலும் அழுத்தம் கூடி நிற்பதன்மேல் விழுவதால், பாடற்குழுவுக்கும் அது பொருந்துகிறது. கல் என்னும் வினையிலிருந்து கற்பு பிறந்ததைப் போல, நில் என்பதிலிருந்து நிற்பு. ஆகவே ‘எதிர்நிற்பிசை’ என்று முன்மொழிகிறேன்.

ஒரு விலக்கு மட்டும் தேவை. ஆஷ்விட்ஸ் முகாமின் பகுதியான பிர்க்கெனாவில், கைதியாக இருந்த வயலின் கலைஞர் ஆல்மா ரோஸே நடத்திய பெண்கள் இசைக்குழு, வேலைக்குப் போவோருக்கும் திரும்புவோருக்கும் அணிநடை இசையை வாசித்தது நாஜிகளின் எஸ்.எஸ். படையினரின் ஆணையின்பேரில், வாசித்த பெண்களுக்கு அது உயிர்பிழைக்கும் வழி. அதை எதிர்நிற்பிசை என்று அழைப்பது, வாசித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் நாம் இழைக்கும் அநீதி.

மறுமொழி:

ஐயா, சொல் எனக்கு உடன்பாடே. ஆனால் எல்லை நீங்கள் வரைந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. வில்னா கெட்டோவின் முதல் இசை நிகழ்ச்சி 1942 ஜனவரி 18 அன்று நடந்தபோது, கல்லறையில் நாடகம் நடத்துவதில்லை என்று கண்டிக்கும் துண்டறிக்கைகள் கெட்டோவுக்குள் பரப்பப்பட்டன. அவற்றை எழுதியவர்களும் கைதிகளே. மூன்றே நாளில் அதே கெட்டோவில் ஆயுதக் குழு தொடங்கப்பட்டது. அந்த இசை எதிர்நிற்றலா, அவமதிப்பா என்று அவர்களே பிளவுபட்டு நின்றபோது, நம் சொல் தீர்ப்பெழுதிவிடக் கூடாது. தெரெசீனில் 55 முறை மேடையேறிய ‘புருண்டிபார்’ என்னும் சிறுவர் இசைநாடகத்தையும் பாருங்கள்: கொடியவனைப் பிள்ளைகள் சேர்ந்து வெல்லும் கதை அது, அதையே 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் வந்தபோது, முகாமில் எல்லாம் நலமே என்று காட்ட நாஜிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். இது எந்தப் பக்கம்?

மறுமொழி:

அம்மா, ‘புருண்டிபார்’ குறித்து நீங்கள் கேட்பதற்கு விடை, சொல்லைப் படைப்போடு கட்டாமல் பாடுவோரின் செயலோடு கட்டுவதில் இருக்கிறது. ஒரே இசைநாடகம் பிள்ளைகள் தமக்காகப் பாடிய மாலைகளில் எதிர்நிற்பிசையாகவும், ஜூன் மாதக் காட்சியில் நாஜிகளின் பரப்புரைக் கருவியாகவும் இருந்திருக்க முடியும். வில்னா நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, கருத்து வேறுபாட்டையும் அகராதிப் பதிவிலேயே சேர்க்கலாம். பொதுப்பெயராக ‘கெட்டோ இசை’, ‘முகாம் இசை’ என்பவை இருக்கட்டும். பதிவு இவ்வாறு அமையலாம்:

எதிர்நிற்பிசை (பெயர்ச்சொல்): ஒடுக்குவோரின் கட்டுப்பாட்டுக்குள் அடைபட்டோர், ஆணையின்றித் தம் விருப்பத்தால், தம் மாண்பையோ ஒற்றுமையையோ போராட்டத்தையோ காக்கும்பொருட்டு இசைக்கும் இசை. ஆணையின்பேரில் வாசிக்கப்பட்டது இதில் அடங்காது. ஒரு நிகழ்ச்சியைப் பற்றி அக்காலத்தவரிடையே கருத்து வேறுபாடு இருந்திருப்பின், அதனைக் குறிப்பிட்டே இச்சொல்லை ஆள வேண்டும்.