கை வலியும் அசதியும் இருப்பவர்களுக்கு எந்த கன்ட்ரோலர் தோதாக இருக்கும்?

கேள்வி: இரவாடி

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் வலியும் அசதியும் தரும் நாள்பட்ட நோய், இருக்கிறது. பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. புரிந்த மீதிப் பேர் "காலையில் நட, சரியாகிவிடும்" என்கிறார்கள். அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை. என் கேள்வி வீடியோ கேம் கன்ட்ரோலரைப் பற்றியது.

வலியை இடம் இடமாகச் சொல்கிறேன், பதில் சொல்ல உதவும். வலது கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடம்தான் முதல் எதிரி. கேமராவைத் திருப்ப வலது ஸ்டிக்கை, அந்தக் கட்டைவிரல் குச்சியை, தள்ளிக்கொண்டே இருக்கும்போது அங்கே லேசாகச் சூடு ஏறும், பிறகு குத்தும். அடுத்தது இடது சுட்டுவிரல். வில்லை இழுத்துக் குறி வைக்கும் ஆட்டங்களில் ட்ரிக்கரை, அதாவது சுட்டுவிரலால் இழுக்கும் பட்டனை, அழுத்திப் பிடித்தே இருந்தால், விட்ட பிறகும் அந்த விரல் நிமிர மறுக்கிறது. கழுத்தும் தோளும் தனிக் கச்சேரி. எல்லாவற்றுக்கும் மேலாக அசதி: விளையாடும்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் கணக்கு வரும்.

கடையில் எடுத்துப் பார்த்தால் எல்லா கன்ட்ரோலரும் நன்றாகத்தான் இருக்கின்றன. இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வது? இணையத்தில் வரும் விமர்சனங்கள் வலியில்லாத கைகளால் எழுதப்பட்டவை. பட்டன் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்; அதை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

என்னிடம் கணினியும் பிளேஸ்டேஷன் 5-உம் இருக்கின்றன. பெரிய கதை ஆட்டங்களும் கார் பந்தயமும்தான் பிடிக்கும். சதுரங்கம் ஆடு, சீட்டு ஆடு என்ற யோசனைகள் ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டன. விளையாட்டையே விட்டுவிடச் சொல்ல வருபவர்கள் வரிசையில் நிற்கலாம். டோக்கன் கொடுக்க இன்னும் ஆரம்பிக்கவில்லை.

பதில் 1: தளர்மூட்டு

டோக்கன் வாங்க வரவில்லை. எனக்கு எல்லா மூட்டுகளும் அளவுக்கு மீறி வளையும். பட்டனை அழுத்தினால் பட்டனுக்கு முன்பு என் விரல் பின்பக்கமாக மடங்கிவிடும். அதனால் இந்தச் சந்தையை நன்றாகவே அலசியிருக்கிறேன்.

நான் முதலில் பார்ப்பது எடை. உங்கள் பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் சுமார் 280 கிராம். அதற்கு முந்தைய டூயல்ஷாக் 4 சுமார் 210 கிராம்தான். இப்போதைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், பேட்டரிகளோடு சேர்த்து 280-ஐத் தாண்டும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் ப்ரோ 250-ஐ ஒட்டி நிற்கும். எக்ஸ்பாக்ஸ் எலீட் சீரிஸ் 2 எடுத்தால் 345 கிராம். இவற்றில் விலை மிகுந்ததே எடையும் மிகுந்தது என்பதைக் கவனியுங்கள். விலை கூடினால் வசதியும் கூடும் என்ற கணக்கு நம் கைகளுக்குப் பொருந்தாது.

ஆனாலும் எலீட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அதில் ஸ்டிக்கின் இறுக்கத்தைக் குறைக்கலாம். ட்ரிக்கர் பாதித் தூரத்திலேயே நின்றுவிடும்படி பூட்டலாம். விரல் ஆழமாக மடங்க வேண்டியதில்லை. பின்பக்கத் துடுப்புப் பட்டன்களுக்கு முன்பக்க வேலைகளை மாற்றிவிட்டால் கட்டைவிரலுக்குப் பாதி ஓய்வு. ஆனால் பிடி தளர்வாக இருப்பவர்களுக்கு அந்தத் துடுப்புகள் தொல்லை. கன்ட்ரோலர் நழுவாமல் இருக்க விரல்களை இறுக்கினாலே ஏதோ ஒன்று அழுந்தி, கதாநாயகன் காரணமில்லாமல் குண்டு எறிவான். நான் நான்கில் இரண்டைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே நிம்மதி கொடுத்தது ஸ்விட்சின் ஜாய்-கான்தான். தலைக்கு சுமார் 50 கிராம். இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்கலாம் என்பதால் கைகள் நெஞ்சுக்கு முன்னால் கூடி நிற்க வேண்டாம். படுத்துக்கொண்டு, இரு கைகளையும் உடம்பின் இரு பக்கமும் போட்டுவிட்டு விளையாடலாம். தோள் வலிக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. கணினியிலும் ப்ளூடூத் வழியாக இணையும், கணினி ஆட்டங்களை வாங்கி ஆடும் ஸ்டீம் செயலி அதை ஏற்றுக்கொள்ளும். பட்டன்கள் சிறியவை, விரல்நுனி நோகிறவர்கள் மேலே மாட்டும் ரப்பர் பிடியோடு பயன்படுத்தலாம்.

பதில் 2: கைவாகு

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளை வலியில்லாமல் செய்யப் பழக்குபவர். கை மூட்டு நோயாளிகளோடுதான் நாள் முழுவதும் வேலை. முந்தைய பதிலில் பலவற்றை ஏற்கிறேன், எடையை முதலில் வைத்ததைத் தவிர. கன்ட்ரோலர் மடியிலோ தலையணையிலோ உட்கார்ந்துவிட்டால் அதன் எடையைத் தலையணை சுமக்கிறது. கையில் தூக்கிப் பிடிக்கும்போதுதான் 70 கிராம் வித்தியாசம் பேசும். ஆகவே கன்ட்ரோலரைத் தேர்வதற்கு முன்னால், அது எங்கே உட்காரப் போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

மடியில் கெட்டியான தலையணை ஒன்றைக் குறுக்காக வையுங்கள். இரண்டு முழங்கைகளும் முன்கைகளும் அதன்மேல் முழுதாகப் படிய வேண்டும். மணிக்கட்டு மட்டும் விளிம்பில் தொங்கக்கூடாது. தோள்கள் தாமாக இறங்கும். கையின் பாரத்தைத் தோள் தூக்கிக்கொண்டே இருப்பதாலும் கழுத்து வலி வரும்.

அடுத்து பிடியின் பருமன். மெல்லிய பிடியைப் பற்ற விரல்கள் அதிகம் மடங்க வேண்டும், அதிகம் இறுக்கவும் வேண்டும். மெல்லிய பேனாவைவிடத் தடித்த பேனா மூட்டுவலிக்காரர்களுக்கு எளிதாக இருப்பது இதனால்தான். பிடிகளின்மேல் சிலிக்கான் உறை போட்டாலோ, டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றினாலோ இறுக்கம் தானாகக் குறையும். வழுக்கலும் போய்விடும்.

இனி உங்கள் வலது கட்டைவிரல். ஸ்டிக்குகள் ஒரே மட்டத்தில் இருப்பது நல்லதா, ஏறி இறங்கி இருப்பது நல்லதா என்று ஓயாத சண்டை நடக்கிறது. உங்களுக்கு அதில் பயனில்லை. இரண்டு அமைப்பிலும் இடம் மாறுவது இடது ஸ்டிக்தான். வலது ஸ்டிக் இரண்டிலும் கீழே, உட்பக்கமாகத்தான் இருக்கிறது. கட்டைவிரல் உள்ளங்கையைக் குறுக்கே கடந்து போய் அதைத் தள்ள வேண்டும். நீங்கள் சொல்லும் சூடும் குத்தலும் அந்த அசைவோடு பொருந்துகின்றன.

வலது ஸ்டிக்கின் வேலையைக் குறைக்க ஒரு வழி ஜைரோ, அதாவது கன்ட்ரோலரைச் சாய்த்தே கேமராவைத் திருப்புவது. டூயல்சென்ஸிலும் ஸ்விட்ச் ப்ரோவிலும் ஜைரோ இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் இல்லை. கணினியில் ஸ்டீம் இன்புட் வழியாக ஏறக்குறைய எந்த ஆட்டத்திலும் இதைப் பயன்படுத்தலாம். உணர்திறனைக் கூட்டி வையுங்கள், சிறு அசைவே போதும். மணிக்கட்டைத் திருப்பினால் வலி என்றால் மட்டும் இது வேண்டாம்.

சுட்டுவிரலுக்கு மூன்று யோசனைகள். பிளேஸ்டேஷன் 5 அமைப்புகளில் ட்ரிக்கரின் எதிர்விசையைக் குறைக்கலாம் அல்லது முழுதாக அணைக்கலாம், இன்றே செய்துவிடுங்கள். ட்ரிக்கரைச் சுட்டுவிரலுக்குப் பதில் நடுவிரலாலும் அழுத்திப் பாருங்கள், அதற்குப் பலம் கூட. மூன்றாவது, "அழுத்திப் பிடி" என்பதை "ஒருமுறை அழுத்து" என்று மாற்றும் வசதி. பல புதிய ஆட்டங்களில் இருக்கிறது. இல்லாத ஆட்டங்களுக்கும் கணினியில் ஸ்டீம் அதைச் செய்துதரும்.

அந்த விரல் நிமிரும்போது 'டக்'கென்று சொடுக்கினாலோ, மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஃபைப்ரோமயால்ஜியாவின் தலையில் கட்டிவிடக்கூடாது.

பதில் 3: அரைநாள் அரசி

எல்லோரும் வலியைப் பிடித்துக்கொண்டீர்கள், அசதியை யாரும் தொடவில்லை. எனக்கு எம்ஈ எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய். உழைப்புக்கான தண்டனை எனக்கு உடனே வராது. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்து வரும். இரவாடி, உங்கள் சட்டைப் பொத்தானும் அதையேதான் சொல்கிறது. அதனால் புது கன்ட்ரோலர் வந்த அன்று "ஆகா, வலியே இல்லை" என்று நீங்கள் எழுதினால் நான் நம்ப மாட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் கை எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

அதிர்வை அணைத்துவிடுங்கள். கையில் ஓயாமல் ஏதோ நடுங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு களைப்பைத் தருகிறது என்பது அது நின்ற பிறகுதான் புரியும். பேட்டரியும் கூடுதலாக நிற்கும்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: எனக்கு மிகவும் உதவியது என் தங்கை. பிளேஸ்டேஷன் 5-இல் 2023-இலிருந்து துணை கன்ட்ரோலர் வசதி இருக்கிறது. இரண்டு கன்ட்ரோலர்கள், ஒரே ஆட்டக்காரர். எக்ஸ்பாக்ஸில் இது அதற்கும் முன்பே வந்துவிட்டது. நான் நடக்கிறேன், அவள் கேமராவைத் திருப்புகிறாள், சண்டை வந்தால் முழுதாக அவள் பொறுப்பு. நான் கதையைப் பார்த்துக்கொண்டு உத்தரவு போடுகிறேன். அவளுக்கு என் உத்தரவுகளைப் பற்றி வேறு கருத்து உண்டு.

பதில் 4: ஓரக்கை

ஒன்று விட்டுப்போனது. எய்ட்பிட்டூ லைட் எஸ்இ என்ற கன்ட்ரோலர். ட்ரிக்கர் உட்பட எல்லாப் பட்டன்களும் மேல்முகத்திலேயே இருக்கும். மேசையில் வைத்து மேலிருந்து அழுத்தலாம், பின்னால் விரலை வளைக்கவே வேண்டாம். பட்டன்களும் ஸ்டிக்குகளும் குறைந்த விசையில் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. பெரிய கைகளுக்குச் சிறிது நெருக்கடி. கார் பந்தயத்துக்கு ஒத்துவராது: ட்ரிக்கர்கள் வெறும் பட்டன்களாகிவிடுவதால் முழு வேகம் அல்லது ஒன்றுமே இல்லை.

இரவாடி

எல்லோருக்கும் நன்றி. ட்ரிக்கரின் எதிர்விசையை முதலில் அணைத்தேன். சுட்டுவிரல் இப்போது சொன்னபடி கேட்கிறது. நடுவிரல் யோசனைக்குப் பழகச் சிறிது காலம் ஆகும். அரைநாள் அரசியின் கட்டளைப்படி இடைவெளி விட்டுத்தான் தலையணையைச் சேர்த்தேன். தலையணைதான் பெரிய ஆச்சரியம், கழுத்து இவ்வளவு பாரம் சுமந்திருக்கிறது என்று தெரியவே இல்லை. ஜைரோ பாதி வெற்றி: குறி வைக்க அருமை, ஆனால் சும்மா நடந்துபோகும்போது ஊரே ஆடுகிறது.

கட்டைவிரல் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. தெரிந்தவர் ஒருவர் பிளேஸ்டேஷனின் ஆக்சஸ் கன்ட்ரோலரைச் சில நாள் கடன் தருவதாகச் சொல்கிறார். வட்டமாக, தட்டையாக, மேசையில் வைப்பது போல இருக்கிறது. என் அளவு வலிக்கு அது தேவைதானா, அல்லது இன்னும் தேவைப்படுகிறவர்களுக்கானதை நான் எடுத்துக்கொள்கிறேனா?

கைவாகு

அது யாருக்கும் ஒதுக்கப்பட்டதில்லை. கட்டைவிரல் நோகிறவருக்கும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். தாராளமாக வாங்கிப் பாருங்கள்.

நேரே ஸ்டிக்கின் தலையைக் கவனியுங்கள். அதோடு மூன்று வகைத் தலைகள் வரும்: வழக்கமானது, குவிந்தது, உருண்டையானது. உருண்டையை மாட்டி, கட்டைவிரலை மறந்துவிட்டு, உள்ளங்கையை மேலே வைத்து முன்கையால் தள்ளுங்கள். அசைவு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வர வேண்டும். ஸ்டிக் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். அதை வலது பக்கம் வைத்துக் கேமராவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். இடது கையில் உங்கள் பழைய டூயல்சென்ஸ் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து ஒரே கன்ட்ரோலராக வேலை செய்யும். ஒவ்வொரு பட்டனையும் ஒருமுறை அழுத்தினால் பிடித்தே இருக்கும்படியும் மாற்றிக்கொள்ளலாம், வில்லுக்கு உதவும்.

கணினிக்கு இதே வகையில் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர், 2018-இல் வந்தது. அதில் 3.5 மி.மீ. துளைகள் மட்டும் 19 இருக்கின்றன, வெளிப் பட்டன்களையும் கால்மிதிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க. உங்களுக்கு இப்போதைக்கு அவ்வளவு வேண்டாம். பந்தயத்தில் விரலுக்குப் பதில் காலால் வேகம் கொடுக்க ஆசை வந்தால் அப்போது பேசுவோம்.

அரைநாள் அரசி

மறுநாள் எப்படி இருந்தது என்று எழுதாமல் தப்பிக்க முடியாது.

இரவாடி

எழுதுகிறேன். கால்மிதி என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனவரிடம் இப்போதே கேட்க வேண்டும்: என் முழங்கால்கள் ஓரளவு நல்ல பிள்ளைகள், ஆனால் கணுக்கால் மாலையில் வீங்கும். மிதியின் விசையைக் குறைக்க முடியுமா?

கைவாகு

ஸ்பிரிங்கை மாற்றக்கூடியவை உண்டு, வாங்கும்முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் லேசாக இறங்கும் சாய்வில் வையுங்கள். கால் அந்தரத்தில் நின்றால் கணுக்கால் விடாது. கணுக்கால் வீங்கிய மாலைகளில் கதை ஆட்டம், மற்ற நாட்களில் கார்.