பதில்: அமலோற்பவம் – புரியுற மாதிரி ஒரு கலைச்சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

அமலோற்பவம்ங்கற கத்தோலிக்கக் கோட்பாட்டுக்கு, அதாவது மரியா பாவ மாசு இல்லாம கருவானாங்கங்கறதுக்கு, மறைக்கல்விப் பாடத்துல போட புரியுற சொல் வேணும்னு நேத்து அக்கா ஆரம்பிச்ச இழையையும் ஐயா எழுதின பதிலையும் எம்ஆர்டி ரயில்ல வரும்போதே படிச்சுட்டேன், உடனே எழுதணும்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்துதான் முடிஞ்சுது.

> "மாசற்ற கருவுறுதல்" னு போட்டுடலாமே. அமலோற்பவம்னா இங்க சிங்கப்பூர்ல பிறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியாது.

ஐயா, புரியாதுங்கறது சரிதான். ஆனா நீங்க சொல்ற சொல் தப்பா புரிய வைக்கும், அதுதான் என் பயம். கருவுறுறது யாரு? தாய். "அவ கருவுற்றா" னு அம்மாவைத்தான் சொல்வோம், வயித்துல இருக்குற பிள்ளை கருவுற்றதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க, பிள்ளை கருவாகும். அப்போ "மரியாவின் மாசற்ற கருவுறுதல்" னு ஒருத்தர் படிச்சா மரியா கருவுற்ற கதை, அதாவது ஆண் துணையில்லாம இயேசுவைக் கருத்தரிச்சதுன்னுதான் எடுத்துக்குவாங்க. ஏற்கனவே நூத்துக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்கு வர்றவங்க உட்பட.

இந்தக் கோட்பாடு இயேசு கருவானதைப் பத்தினதே இல்ல. மரியா தன் தாய் அன்னம்மாள் வயித்துல கருவானதைப் பத்தினது. சுவக்கினும் அன்னம்மாளும் (இந்தப் பேருங்க பைபிள்ல இல்ல, ரெண்டாம் நூற்றாண்டு எழுத்து ஒண்ணுல வந்து மரபா நிலைச்சது) எல்லா அப்பா அம்மா மாதிரியும்தான் அவங்களைப் பெத்தாங்க, உடலளவுல அதுல அதிசயம்னு எதையும் திருச்சபை சொல்லல. 1854 டிசம்பர் 8ஆம் தேதி திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அறிக்கையிட்டது இதுதான்: கருவான முதல் நொடியிலேயே, கடவுளோட தனி அருளால, இயேசு கிறிஸ்துவோட பேறுபலன்களை முன்னிட்டு, ஜென்மப் பாவத்தோட (எல்லா மனுஷரும் பிறக்கும்போதே இருக்குற பாவ நிலை) எந்த மாசும் ஒட்டாம மரியா காக்கப்பட்டாங்க.

சந்தேகம் இருந்தா காலண்டரைப் பாருங்க. டிசம்பர் 8 அமலோற்பவம், சரியா ஒன்பது மாசம் கழிச்சு செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். நம்ம ஹவ்காங்ல இருக்குற நேட்டிவிட்டி கோவில் பேர்ல வர்ற பிறப்பு அதுதான், கிறிஸ்துமஸ் இல்ல. இயேசு கருவானதுக்கு மார்ச் 25 தனியா இருக்கு, அதுல இருந்து ஒன்பது மாசம் டிசம்பர் 25.

தமிழ்ல இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்குன்னு எனக்குத் தோணுது. நம்ம பாட்டிமாருங்க சொன்ன பழைய விசுவாசப் பிரமாணத்துல "கர்ப்பமாய் உற்பவித்து" னு இயேசுவைப் பத்தி வரும். காதுல அந்த உற்பவம் ஏறி உக்காந்துருக்கு, அப்புறம் அமலோற்பவம்னு கேட்டா மனசு நேரா அங்கதானே போகும்?

> சகோதர சபை நண்பர் கேட்டார்: பாவமே இல்லைனா மரியாவுக்கு மீட்பர் எதற்கு? "என் மீட்பராம் கடவுள்" என்று அவரே பாடுகிறாரே?

அக்கா, இது நியாயமான கேள்வி, கத்தோலிக்கருங்களே நூத்தாண்டுக் கணக்கா கேட்டுக்கிட்ட கேள்வி. இடைக்கால இறையியல் அறிஞருங்க பெர்னார்தும் தாமஸ் அக்குவினாஸும் இதுக்கு ஒத்துக்கல, ரெண்டு பேரும் மாதா மேல உயிரையே வச்சிருந்தவங்க. கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர்ங்கறது இதுல அடிபட்டுப் போயிடுமோன்னு அக்குவினாஸ் யோசிச்சாரு. அதுக்கு வழி காட்டினவங்கள்ல முக்கியமானவர் 1308ல இறந்துபோன பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ். அவர் சொன்னதோட சாரம், விழுந்தவரைத் தூக்குறதும் மீட்பு, விழாமலே தடுக்குறதும் மீட்பு, ரெண்டாவதுதான் இன்னும் முழுமையான மீட்பு. லோங்காங்ல (வடிகால்ல) விழப்போற பிள்ளையை ஓடிப்போய்ப் பிடிச்சு இழுத்தவருக்கு அந்தப் பிள்ளை நன்றி சொல்ல வேணாமா? மரியாவுக்கும் மீட்பர் கிறிஸ்துதான், அவரோட பலன் அவங்களுக்கு முன்கூட்டியே கிடைச்சது.

அதனாலதான் தம்பி நேத்து எழுதின "பாவநீக்கக் கருவாக்கம்" வேண்டாம்ங்கறேன். நீக்கம்னா முன்னாடி ஏதோ இருந்திருக்கணும். இங்க ஒட்டவே இல்லையே.

இழையில வந்த மத்த சொற்கள்ல "மாசில் கருத்தோற்றம்" கேக்க அழகா இருக்கு, ஆனா எழுத்துல பார்த்ததும் கருத்து, எண்ணம்னு படிச்சுடுவாங்க. "தூய பிறப்பு" பிறப்பைச் சொல்லுது, கருவாகுறதைச் சொல்லல.

"மாசு" வேண்டாம், புகைமூட்டம் வந்தா செய்தியில சொல்ற காற்று மாசுதான் பிள்ளைங்களுக்கு ஞாபகம் வரும்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. வரட்டுமே, அதுல கெடுதல் இல்ல. ஜென்மப் பாவம் ஒருத்தர் செஞ்ச குற்றம் இல்ல, அவர் பிறக்குற நிலை, மறைக்கல்வி ஏடும் அப்படித்தான் சொல்லுது. கறைன்னு போட்டாதான் அவர் ஏதோ செஞ்ச மாதிரி தொனிக்கும்.

ஆக நான் முன்வைக்கிறது: மரியாவின் மாசில் கருவாதல். கருவாதல்னா கருவாகுறவரைத்தான் குறிக்கும், தாயைக் குறிக்காது. ஆங்கிலத்துல conception ங்கற ஒரே சொல் ரெண்டு பக்கமும் இழுக்குது, நமக்கு அந்தக் கஷ்டமே இல்ல, கருவுறுதல் வேற கருவாதல் வேற, இந்த வசதியை விட்டுடக் கூடாது. முன்னாடி "மரியாவின்" கண்டிப்பா வரணும். காக்கப்பட்டாங்கங்கறதைச் சொல்லுக்குள்ள திணிச்சா நீளமாயிடும், அதை விளக்கத்துல முதல் வரியா வச்சுக்கலாம்.

அமலோற்பவத்தை எடுத்துடணும்னு நான் சொல்லவே இல்ல. எத்தனை வீட்ல அமலா, அமல்ராஜ், அமலோற்பவமேரி இருக்காங்க. புதுச்சேரி சம்பா கோவிலே அமலோற்பவ அன்னை கோவில்தான். நம்ம ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவில், 1888ல தமிழருக்குன்னே கட்டி முடிச்சது, அந்தப் பேர் வந்த பிரான்ஸ் நாட்டு லூர்து நகர்ல 1858 மார்ச் 25ல பெர்னதெத்ங்கற பொண்ணுகிட்ட மாதா தன்னை யாருன்னு சொன்ன சொல்லே இதுதான். அந்தப் பொண்ணுக்கு அர்த்தம் தெரியாது, மறந்துடக் கூடாதுன்னு பங்குச் சாமியார் வீடு வரைக்கும் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டுப் போச்சு. அப்படி வந்த சொல்லு செபத்துலயும் பேர்லயும் அப்படியே இருக்கட்டும், மறைக்கல்விப் பாடத்துலயும் விளக்கம் எழுதுற இடத்துலயும் மாசில் கருவாதல்னு போட்டு அடைப்புக்குறிக்குள்ள அமலோற்பவம்னு குடுக்கலாம்.

இலக்கணம் தெரிஞ்சவங்க ஒண்ணு சொல்லுங்க, "மாசில் கருவாதல்" ல மாசுக்குள்ள கருவாகுறதுன்னு ஏழாம் வேற்றுமையா யாராவது படிக்க வாய்ப்பு இருக்கா? மாசுக்கு ஏழாம் வேற்றுமையும் மாசில்னுதான் வரும், ஆனா மாசில் இன்மைப் பொருள்லயும் வரும், "மாசில் வீணை" மாதிரின்னு நான் நினைக்கிறேன். அப்படியும் இடறுச்சுன்னா "மாசறக் கருவாதல்" னு மாத்திக்க எனக்குச் சம்மதம். மறைக்கல்விப் பாடம் டிசம்பர் 8க்கு முன்னாடி அச்சுக்குப் போகணும், இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க.