எம்20 என்ஜினில் எண்ணெய்க் கசிவு: எந்த கேஸ்கட் பசை போடலாம்?

மோல்மீன்_எம்20:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். தாத்தா காலத்து பிஎஸ்ஏ எம்20 பைக், 496 சிசி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பட்டாளம் ஓட்டிய ரகம். ஒரு வாரம் சும்மா நிறுத்திவிட்டு எடுத்தால் என்ஜின் அடியெல்லாம் எண்ணெய். கடைக்காரர் சிவப்பு சிலிக்கான் பசை டியூப் கொடுத்து, கிராங்க் கேஸை (என்ஜினின் அடிக்கூடு) பிரித்து தாராளமாகப் பூசச் சொல்கிறார். பூசலாமா?

பழைய_ஸ்பானர்:
தம்பி, தாராளமாக மட்டும் வேண்டாம். வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துணுக்கு ஒருநாள் பிய்ந்து எண்ணெய் வழியை அடைத்தால் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ் பேரிங்) போய்விடும். கார்ப்பரேட்டர் பக்கம் சாதாரண சிலிக்கானே ஆகாது, பெட்ரோல் பட்டால் ஊறி உப்பும்.

அது இருக்கட்டும், கசிவு எங்கேயிருந்து என்று பார்த்தாயா? என்ஜினைப் பெட்ரோலால் துடைத்து, காய்ந்ததும் வீட்டில் இருக்கும் தனக்கா பவுடரை (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைப் பவுடர்) தூவி ஓட்டிப் பார். ஈரம் முதலில் எங்கே தெரிகிறதோ அதுதான் இடம். இன்னொன்று: இது ட்ரை சம்ப் வண்டி, எண்ணெய் தனி டேங்கில் இருக்கும். நிறுத்தி வைத்தால் அந்த டேங்க் எண்ணெய் பம்ப் வழியாக கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்யும்முன் அடி பிளக்கை (எண்ணெய் வடிக்கும் திருகு) திறந்து எவ்வளவு வருகிறது என்று அள.

மே_சோட்_வழி:
பசை என்றால் என் கை த்ரீபாண்ட் 1184க்குத்தான் போகும். எல்லை தாண்டி தாய்லாந்தில் கிடைக்கிறது. மூட்டு சேரும் முகத்தை மழுங்கிய பிளேடால் சுரண்டி, தின்னரில் துடைத்து, விரலால் மெல்லிசாகத் தடவி, சற்று இறுகியதும் மூட்டு. லாக்டைட் 518 காற்றில்லாத இடத்தில்தான் இறுகும். உள்ளே பிதுங்கியது எண்ணெயோடு கரைந்து போகும், அதனால் அதுவும் நல்லது. ஆனால் முகம் சொத்தையாக இருந்தால் காப்பாற்றாது. அடிக்கடி பிரிக்கிற மூட்டுக்கு ஹைலோமார், அது இறுகாமலே இருக்கும்.

சிலிண்டர் ஹெட்டுக்கு எதுவும் தடவாதே. செம்பு கேஸ்கட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும், திரும்பப் போடலாம்.

மோல்மீன்_எம்20:
பிளக்கைத் திறந்தேன். பெரிய டம்ளர் நிறைய வந்தது! தனக்காவில் ஈரம் டைமிங் கவர் (என்ஜின் பக்கத்துப் பல்சக்கர மூடி) ஓரத்தில்தான். கிராங்க் கேஸ் மூட்டு காய்ந்தே இருக்கிறது. அதைப் பிரிக்கப் போனேனே!

பழைய_ஸ்பானர்:
அப்போ டைமிங் கவரைத் திற. எண்ணெய் இறங்காமல் தடுக்க ஸ்பிரிங் போட்ட சின்ன குண்டு ஒன்று இருக்கும். அழுக்கு ஒட்டியிருந்தாலே அது மூடாது. துடைத்து, குண்டு உட்காரும் இடத்தைப் பார். பிரீதரும் (என்ஜின் உள்காற்று வெளியேறும் வழி) அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார். அழுத்தம் வெளியேறாவிட்டால் எந்தப் பசையும் நிற்காது.

மோல்மீன்_எம்20:
குண்டின் கீழே கருப்புப் பிசின். துடைத்து 1184 தடவி மூட்டினேன். இன்று ஐந்தாம் நாள், மழையில் வெளியே எடுக்க முடியவில்லை, ஆனால் பிளக்கில் அரை டம்ளர்கூட வரவில்லை. பம்ப் தேய்மானத்தை மழை விட்டதும் பார்க்கிறேன். சிலிக்கான் டியூப் திறக்காமலே இருக்கிறது, யாருக்காவது ஓடு ஒழுகினால் சொல்லுங்கள்.